கிறேற் டக் தீவின் உணரிகள்

ஆராய்பவரின் வருகையே ஆராயப்படுவதைக் குலைக்குமாயின் ஆராய்ச்சி எங்ஙனம் நிகழும்? அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கிறேற் டக் தீவில் இவ்வினா எழுந்தது. அங்கு மண்வளைகளில் அடைகாக்கும் லீச் புயற்பறவைகள், மனிதர் வளையைக் கிளறின் முட்டையைக் கைவிடவுங் கூடும். எனவே 2002ஆம் ஆண்டுக் கோடையில் பேர்க்லி ஆய்வாளர், மின்கலத்தில் இயங்கும் 32 சிறு உணரிக் கருவிகளை வளைகளுள்ளும் நிலமேற்பரப்பிலும் வைத்து அகன்றனர். வெப்பம், ஈரப்பதன் முதலிய அளவீடுகள் கம்பியின்றித் தீவிலிருந்த கணினியை அடைந்து, செய்மதி வழியாகக் கண்டத்தின் மறுகரைக்குச் சென்றன. நான்கு மாதங்களில் ஏறத்தாழப் பதினொரு இலட்சம் அளவீடுகள் திரண்டன. ஆயினும் பறவையினும் கருவியைப் பற்றியே அவ்வாண்டு மிகுதியாக அறியப்பட்டது எனல் தகும். மூடுபனியும் மழையும் பல கருவிகளை மாய்த்தன. ஈரப்பதன் உணரி பொருந்தா எண்களைத் தரத் தொடங்கின், அக்கருவி விரைவில் ஓயும் என்பதைப் பின்னரே கண்டனர்.