கைகளற்றவரின் பழி

பாஞ்சாலி சபதம் உரைத்த கணமே பாரதக் கதையின் முடிவு நமக்குப் புலப்பட்டுவிடுகிறது. காரணம் முதலில், பழி இறுதியில் என்பதே பழகிய மரபு. 1975 ஓகஸ்ட் 15இல் வெளியான 'ஷோலே' என்ற ஹிந்திப் படம் இம்மரபை மாற்றிப் பின்னியதாகவே நான் கருதுகிறேன்.

சலீம்-ஜாவேத் எழுதி, ரமேஷ் சிப்பி இயக்கிய படம் அது. முன்னாள் பொலிஸ் அதிகாரியான தாக்கூர், கொள்ளையன் கப்பர் சிங்கைப் பிடிக்க இரு திருடர்களை அமர்த்துகிறார். காரணமோ பாதிவழிவரை முழுமையாகச் சொல்லப்படவில்லை. மோதலின்போது காலடியில் கிடந்த துப்பாக்கியை ஏன் எடுத்துத் தரவில்லை என்று அவர்கள் சினக்கின்றனர். அதற்கு விடையாகவே பழங்கதை விரிகிறது. சால்வை விலக, கப்பர் வெட்டியெறிந்த கைகளின் வெறுமையைக் காண்கிறோம்.

கையிழந்தவர் காலால் பழிதீர்ப்பதே இப்பின்னலுக்கு இயல்பான முடிவு. ஆணி பதித்த பாதணியால் கப்பரை மிதித்துக் கொல்லும் காட்சி படமாக்கவும்பட்டது. ஆனால் அது இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலம். தணிக்கையாளர் அதனை ஏற்கவில்லை. பொலிஸார் வந்து கைதுசெய்வதாக முடிவு மாறிற்று. கைகளே இல்லாதவரிடம் சட்டத்தைக் கையிலெடுக்காதே என்றது விந்தைதான். கதையின் காரணத்தை ஆசிரியர்கள் எழுதினர்; அதன் முடிவை அரசு எழுதியது.