லெய்டன் நகரின் பன்னிரண்டு கட்டில்கள்

ஒல்லாந்தின் லெய்டன் நகரிலே, ஆடவர்க்கு ஆறும் பெண்டிர்க்கு ஆறுமாகப் பன்னிரண்டு நோயாளர் கட்டில்களே மருத்துவ போதனைக்கென இருந்தன. 1714 முதல் பேராசிரியர் போர்ஹாவே தம் மாணாக்கரை அக்கட்டில்களருகே நிறுத்தி, நோயை அவதானிக்கவும் குறித்துவைக்கவும் பழக்கினார். (இம்முறை 1636 இலேயே அங்கு தோன்றியது, அதற்குப் புகழ் தேடித்தந்தவர் இவரே.)

அவர் குணப்படுத்தியோரைப் பலரும் போற்றுவர். அவர் காப்பாற்ற இயலாத ஒருவரே நம் கவனத்துக்குரியவர். 1723 ஒக்டோபரில் கடற்படைத் தளபதி வாசெனார் வாந்தியெடுக்கையில் கொடிய நெஞ்சுவலியுற்று மறுநாள் மாண்டார். உணவுக்குழாய் அறுந்திருந்தமை பிரேத பரிசோதனையிலேயே புலனாயிற்று. அவர் உண்டது, பருகியது, வலியின் போக்கு யாவற்றையும், தாம் நோயை அறியாது திகைத்தமையையும், போர்ஹாவே 1724 இல் நூலாக்கினார். அத்தகைய கிழிவைத் தைத்து உயிர்காத்த செய்தியைச் சத்திரசிகிச்சையாளர் பரெற் வெளியிட்டது 1947 இல். அந்நோய் இன்றும் போர்ஹாவேயின் பெயராலேயே வழங்குகின்றது.