டெட் பெலிட்ச்கோ

டெட் பெலிட்ச்கோ (13 ஜனவரி 1943 – 15 செப்டம்பர் 2014) அமெரிக்க இயந்திரப் பொறியியல் பேராசிரியர். கணினிசார் விசையியலின் முன்னோடிகளுள் ஒருவர். கார் மோதலைக் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்கும் மென்பொருள்களுக்கு அடிப்படையான கணக்கீட்டு உத்திகளை வகுத்தவர். பொருள்களில் விரிசல் பரவுவதைக் கணிக்கும் நீட்டித்த வரம்புறு கூறு முறையை உருவாக்கியதிலும் முதன்மைப் பங்கு வகித்தார்.

இளமையும் பணியும்

உக்ரைனின் புரோஸ்குரிவ் நகரில் (இன்றைய க்மெல்னித்ஸ்கி) பிறந்தார். சிகாகோவிலுள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் 1965இல் இளநிலைப் பட்டமும், பிலிப் ஹாட்ஜின் நெறியாள்கையில் 1968இல் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1977இல் எவன்ஸ்டனிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இயந்திரப் பொறியியல் துறையின் தலைவராகவும் இருந்தார்.

மோதல் கணிப்பு

பொறியாளர்கள் ஃபைனைட் எலிமென்ட் என்றே வழங்கும் வரம்புறு கூறு முறையில், ஒரு பொருளைச் சிறு கூறுகளாலான வலையாகப் பிரித்துக் கணக்கிடுவர். மோதல் கணக்கில் காலத்தையும் சிறு படிகளாக வெட்ட வேண்டும். ஒலி அலை மிகச் சிறிய கூறைக் கடக்கும் நேரத்தைவிட ஒரு படி நீளமாக இருந்தால் கணக்கு நிலைகுலைந்துவிடும். எஃகில் 5 மி.மீ. அகலமுள்ள கூறுக்கு அந்த நேரம் ஏறத்தாழ 1 மைக்ரோநொடி. எனவே 0.1 நொடியில் முடியும் மோதலுக்குச் சுமார் 1,00,000 படிகள் தேவை. ஒவ்வொரு படியிலும் எல்லாக் கூறுகளின் தகைவையும் மீண்டும் கணிக்க வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்க, எட்டு முனைக் கனக் கூறில் தகைவைக் கணிக்கும் வழக்கமான 8 தொகையிடல் புள்ளிகளுக்குப் பதிலாக மையத்தில் ஒன்றே ஒன்றைக் கொள்ளலாம். ஆனால் அப்போது கூறுகள் எந்த எதிர்ப்பும் இன்றி மணற்கடிகை வடிவில் கோணும். ஃபிளனகனுடன் 1981இல் பெலிட்ச்கோ வெளியிட்ட கட்டுரை, உண்மையான உருமாற்றத்தைப் பாதிக்காமல் இந்தக் கோணலை மட்டும் தடுக்க வழி காட்டியது. இதே சிக்கனத்தைத் தகடுகளுக்குக் கொண்டுவந்த நான்கு முனை ஓட்டுக் கூறு, லின், ட்சே ஆகியோருடன் 1984இல் வெளியானது. பெலிட்ச்கோ–ட்சே கூறு எனப்படும் அது, மோதல் கணிப்புக்கான எல்எஸ்-டைனா மென்பொருளில் இயல்நிலைத் தேர்வாக இடம்பெற்றது.

வலையிலிருந்து விடுதலை

விரிசல் வளரும்போது அதன் பாதைக்கேற்ப வலையைத் திரும்பத் திரும்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, லு, கு ஆகியோருடன் 1994இல் கூறிலா கலெர்க்கின் முறையை முன்வைத்தார். அதில் தோராயத்துக்குப் புள்ளிகள் மட்டுமே போதும். அவற்றை வலையாகக் கோக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கீட்டுச் செலவு கூடியது.

1999இல் அவர் வலைக்கே திரும்பினார். விரிசலை வலைக்குள் வரையாமல், அது கடக்கும் கூறுகளின் சார்புகளில் ஒரு தாவலையும், விரிசலின் நுனியருகே தகைவின் தன்மையைக் காட்டும் சார்புகளையும் சேர்த்தால் போதும் என்பதே புதிய வழி. பாபுஷ்கா, மெலெங்க் ஆகியோரின் ஒருமைப் பிரிப்புக் கருத்து இதற்குக் கணித அடித்தளம். டாம் பிளாக்குடன் ஒரு கட்டுரையும், மோயெஸ், டால்போ ஆகியோருடன் மற்றொன்றும் அவ்வாண்டே வந்தன. வலை அசையாமல் இருக்க விரிசல் அதனூடே வளரும் இந்த நீட்டித்த வரம்புறு கூறு முறை, அபாக்கஸ் போன்ற வணிக மென்பொருள்களிலும் பின்னர் சேர்க்கப்பட்டது. பிற்காலத்தில் கார்பன் நானோகுழாய்கள் உடையும் விதத்தையும் அணுநிலையில் ஆராய்ந்தார்.

நூலும் சிறப்புகளும்

விங் காம் லியு, பிரையன் மோரன் ஆகியோருடன் எழுதி 2000இல் வெளியிட்ட நேரிலா வரம்புறு கூறுகள் பற்றிய நூல், முதுநிலை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்குகிறது. பொறியியலில் எண்முறைகளுக்கான பன்னாட்டு ஆய்விதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்கு 1992இலும், தேசிய அறிவியல் கழகத்துக்கு 2011இலும் தேர்வானார். 2001இல் திமோஷென்கோ பதக்கம் பெற்றார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பயன்பாட்டு விசையியல் விருது இன்று அவர் பெயரில் வழங்கப்படுகிறது.