மெக்காரிசனின் ‘மதராசி உணவு’ம் முள்ளிப்பட்டுப் பள்ளித் தட்டும்

பள்ளிப் பிள்ளைகள் காய்கறியை ஒதுக்குவதற்கு வட்டாரப் பழக்கமே காரணம் என்ற விளக்கம் நம்மிடையே பழையது. அதற்கு ஆய்வக மதிப்பு தேடித் தந்தவர் குன்னூரில் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன். இந்திய உணவுகளை மக்கள்வாரியாகப் பிரித்து எலிகளுக்கு ஊட்டிய அவர், சீக்கியர் உணவை முதலிலும் மதராசி உணவைக் கடைசியிலும் வைத்தார். இந்த வரிசை பரவிய அளவுக்கு, அதற்கு அடிப்படையான பட்டியல் படிக்கப்படவில்லை.

அதைப் படிப்போம். தீட்டிய அரிசி, பருப்பு, புதிய காய்கறி, மசாலா, எண்ணெய், சர்க்கரையும் சிறிது பாலும் கலந்த காப்பி, கொஞ்சம் மோர், சிக்கனமாக நெய், தேங்காய், பாக்கு. (எலிக்குப் பாக்கு வரை கொடுத்திருக்கிறார், உபசாரத்தில் குறையில்லை.) இது யார் வீட்டுச் சாப்பாடு? காப்பியும் மோரும் நெய்யும் அன்றாடம் புழங்கிய வீடு மிராசுதாரருடையதாகலாம், நகரத்துக் குமாஸ்தாவுடையதாகலாம். கூலிக்கு நெய்தவருடையதாக இருந்திருக்க முடியாது. ‘மதராசி’ என்ற ஒரே பெயர் இவர்கள் மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, காய்கறி அந்தப் பட்டியலிலேயே இருப்பது. அப்படியானால் காய்கறி உண்ணும் வழக்கம் இங்கில்லை என்ற வாதத்துக்கு மெக்காரிசனே சாட்சி சொல்லமாட்டார். எவ்வளவு, யாருக்கு, என்ன விலைக்கு என்பவையே கேள்விகள். 1935இல் அவருக்குப் பின் குன்னூர் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், சத்துணவுக் கணக்கை வருமானத்தோடு சேர்த்துப் பார்த்தது இந்தத் திசையில்தான். அரிசியைத் தீட்டுவதால் சத்து போகிறது என்பதில் மெக்காரிசன் சரி. உடல் மெலிவுக்கு இனத்தையன்றி உணவையே காரணமாக்கியதிலும் சரி. ஆனால் உணவைப் பிரதேசத்தின் குணமாக்கியது பிழை.

அரிசி ஆலைக்கும் பட்டுத் தறிக்கும் ஒருசேரப் பேர்போன ஆரணி வட்டாரத்தில் இந்தப் பிழை நன்றாகத் தெரியும். முள்ளிப்பட்டு போன்ற நெசவூரில் வீடே பட்டறை. ஊடை நூலைத் தாரில் சுற்றுவது முதலான துணைவேலைகள் பெரும்பாலும் பெண்கள் கையில். கீரை ஆய்வதும் அவரைக்காய்க்கு நார் எடுப்பதும் அதே கைகளைக் கேட்கும் வேலைகள். சேலையை முடித்துக் கொடுக்கும் நெருக்கடியில் குழம்பும் ரசமும் வெல்லும். இதற்கு ஆவணச் சான்று மெலிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிள்ளையின் நாவைக் குறை சொல்வதற்குமுன் தாயின் நேரத்தை எண்ணியாக வேண்டும் என்றே வாதிடுவேன்.

வீட்டில் தளர்ந்ததைப் பள்ளி ஈடுசெய்ததா? 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளிக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தபோது, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று அளவு காசில் குறிக்கப்பட்டது. காமராசர் காலத்து மதிய உணவுக்கு 1956 என்பாரும் 1957 என்பாரும் உண்டு. ஊரார் நன்கொடையைத் தொடக்கமாகக் கொள்வதா, அரசு மானியத்தைக் கொள்வதா என்பதைப் பொறுத்தது அது; நான் இரண்டில் ஒன்றை வற்புறுத்தவில்லை. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, பள்ளி உணவைத் தினசரி ஏற்பாடாக நிலைநிறுத்தியது. இன்றைய தேசிய விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலைப்பள்ளியில் 75 கிராம்.

காய்க்குக் கிராம் கணக்கு கிடைத்தது. பழத்துக்கு அதுவும் இல்லை. 1989இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. பிற்பாடு முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடு வந்தது. இந்தத் துணைவிதியை நிர்வாக வசதி என்று கடந்துபோவது எளிது. எனக்கு அது இந்த வரலாற்றின் மையமாகவே படுகிறது. பழம் தன் சத்துக்காகத் தட்டேறவில்லை. முட்டை விலக்கிய குடும்பத்துக்கு மாற்றாக ஏறியது. முட்டை தின்னும் நெசவாளர் பிள்ளைக்கு அந்த விதியில் பழமே இல்லை. பழத்தைச் சைவப் பிள்ளையின் பங்காகப் பார்க்கும் மனநிலை வகுப்பறைகளில் இதனால் வளர்ந்ததா என்பதை ஊகமாக மட்டுமே முன்வைக்கிறேன்.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பாரைச் சேர்க்கிறது. அது ஐந்தாம் வகுப்புவரை மட்டும். ஆறாம் வகுப்புக்குப் போகும் முள்ளிப்பட்டுப் பிள்ளையின் காலைத் தட்டு மறுபடியும் தறி வீட்டின் பொறுப்பு.