விலைபோகாத பெட்டியின் விலை

பத்திரிகைத் தொழிலில் நான் புகுந்த காலத்தில், புதியவர்களுக்குத் தரப்படும் முதல் வேலைகளுள் ஒன்று வரி விளம்பரங்களை ஒப்புநோக்குவது. தையல் இயந்திரம் விற்பனைக்கு, வெளிநாடு செல்வதால் தளபாடங்கள் விற்பனைக்கு என்ற வரிகளில் எழுத்துப்பிழை பார்ப்பதைத் தவிர அந்த வேலைக்கு வேறு பெருமை கிடையாது. ஆயினும் செய்திப் பக்கங்களில் வராத நாட்டு நடப்பொன்று அந்த நெருக்கமான வரிகளுக்குள் இருந்தது. யார் எதை விற்கிறார், ஏன் விற்கிறார், எத்தனை வாரங்களாக அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனித்தாலே போதும்.

இதனை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கத்திய நடன இசையின் போக்கையே மாற்றிய ஒரு பாட்டு அப்படிப்பட்ட ஒரு வரி விளம்பரத்தின் உதவியுடன் உருவானது. 1982ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அஃப்ரிக்கா பம்பாட்டா குழுவினரின் 'பிளானெட் றொக்' என்ற பாட்டைத் தயாரித்துக் கொண்டிருந்தார் ஆர்தர் பேக்கர். அவர்கள் தேடிய தாளப்பொறி அவர்களிடம் இருக்கவில்லை. 'வில்லேஜ் வொய்ஸ்' என்ற வாரப் பத்திரிகையில் ஒருவர், தாளப்பொறியுடன் வந்து வாசித்துத் தரத் தமக்கு ஓர் அமர்வுக்கு இருபது டொலர் தந்தால் போதும் என்று விளம்பரம் செய்திருந்தார். அவரை அழைத்தார்கள். அவர் கொண்டுவந்த பெட்டி, யப்பானின் ரோலன்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808. ஹிப்ஹொப் இசையும் இலத்திரனியல் நடன இசையும் அந்தப் பாட்டிலிருந்து கிளை விட்டதை இசை வரலாறு அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த 808இன் பிறப்பே ஒரு கதை. ரோலன்ட் நிறுவனத்தை 1972இல் ஒசாக்காவில் நிறுவிய இக்குத்தாரோ ககேஹாஷி 1930இல் பிறந்தவர். இரண்டு வயதிலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். போருக்குப் பின்னர் கியூஷு தீவில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்தார். பிறகு வானொலிப் பெட்டிகளைத் திருத்தினார். அவரையும் காசநோய் பிடித்து ஆண்டுக்கணக்கில் சிகிச்சை நிலையத்தில் கிடத்தியது. அப்போது பரிசோதனை நிலையிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டது. பிழைத்தார். பெரிய பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றி, பழுதுபார்ப்பவராகத் தொடங்கி இசைக்கருவி செய்பவராக உயர்ந்த மனிதர் அவர்.

பழுதுபார்ப்பவருக்குக் கழிவுப் பொருளின் அருமை தெரியும் போலும். 808இன் 'சீறும்' ஓசைக்காக, தொழிற்சாலைச் சோதனையில் தேறாத குறைபாடுள்ள ட்ரான்சிஸ்டர்களை அவர் வேண்டுமென்றே வாங்கினார். அந்தக் குறைபாடுதான் அவர் தேடிய ஓசையைத் தந்தது. இதில் உண்மையான மேளத்தின் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. பெரிய மேளத்தின் ஓசை என்பது, ஒரு மின்துடிப்பால் தட்டப்பட்டதும் கோயில் மணி போல் அதிர்ந்து மெல்ல மெல்ல அடங்கும் ஒரு மின்சுற்றே. அது அடங்கும் நேரத்தைக் கூட்டுவதற்கு ஒரு குமிழ் உண்டு. அதை முழுவதுமாகத் திருப்பினால் அடி நீண்டு முழக்கமாகிவிடும். பெரிய ஒலிபெருக்கிகளின் முன் நிற்பவர் அதைக் காதால் கேட்பதைக் காட்டிலும் நெஞ்சுக்கூட்டால் உணர்வார்.

சந்தையில் அது தோற்றது. அதே காலத்தில் றொஜர் லின் என்ற அமெரிக்கர், உண்மையான மேள ஓசைகளை இலக்கமுறையில் பதித்த எல்எம்-1 என்ற பொறியைக் கொண்டுவந்தார். அதன் விலை 4,995 டொலர். ஏறத்தாழ ஐந்நூறு பெட்டிகளே செய்யப்பட்டன. 808இன் விலை 1,195 டொலர். வசதி படைத்த ஒலிப்பதிவுக்கூடங்கள் லின்னின் பெட்டியையே விரும்பின. யப்பானின் யெல்லோ மஜிக் ஓகெஸ்ட்ரா குழுவும், 'செக்ஷுவல் ஹீலிங்' பாட்டில் மாவின் கேயும் 808ஐ எடுத்தாண்டது உண்மைதான். என்றாலும் மேளம் போல் ஒலிக்கவில்லை என்பதே பொதுவான குறையாக இருந்தது. ஏறத்தாழ 12,000 பெட்டிகளுடன் 1983இல் உற்பத்தி நின்றது. குறைக்கடத்தித் தொழில்நுட்பம் மேம்பட்டதால் அந்தக் குறைபாடுள்ள ட்ரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. நல்லவை மட்டுமே கிடைத்ததால் நின்றுபோன பண்டம் வேறு ஏதும் உண்டோ என நான் வியப்பதுண்டு.

அதே 1983இல் இன்னும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற இலக்கமுறைச் சிந்தசைசரை வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் சௌனிங் கண்டறிந்த முறையில் இயங்கிய அது 1,995 டொலருக்கு விற்கப்பட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பெட்டிகள் விற்றதாகக் கணக்கு. அதற்கு முந்திய தலைமுறைக் கருவிகள் பலவற்றில் ஓர் ஓசையை உருவாக்கிவிட்டால், குமிழ்களின் நிலையைக் கடதாசியில் குறித்து வைக்கவேண்டும். 1970இல் வந்த மினிமூக் அப்படிப்பட்டது. புதிய கருவியிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் 'மிடி' என்ற பொதுமொழியும் அதே ஆண்டில்தான் வந்தது. அதைக் கொண்டுவர முன்னின்றவர்களும் ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும். 2013இல் இருவருக்கும் அதற்காகத் தொழில்நுட்ப கிறமி விருது கிடைத்தது. தாம் பெற்ற பிள்ளைகளையே பழம்பொருளாக்கும் வேலையில் ககேஹாஷிக்கும் பங்கு இருந்தது என்பதை மறுக்கவியலாது.

விளைவாக, அமெரிக்க நகரங்களின் அடைவுக் கடைகளிலும் பாவித்த பொருட்கடைகளிலும் பழைய கருவிகள் வந்து குவிந்தன. நூறு டொலருக்கும் கீழே 808 கிடைத்தது. நம் கதையின் மையம் இந்தக் கடைத்தட்டுகள்தாம். டிஎக்ஸ்7 வாங்கக் காசில்லாத, பெரும்பாலும் கறுப்பின, இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் அங்கே வந்தார்கள்.

டிபி-303 என்ற வெள்ளி நிறச் சிறு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ததாவோ கிக்குமோதோ வடிவமைத்து 1981இல் வெளிவந்த இதன் நோக்கம், தனியாக கிட்டார் பழகுபவருக்குப் பின்னணியில் பேஸ் கிட்டார் வாசிப்பது. விலை 395 டொலர். அதில் ஸ்வரங்களைப் பதியும் முறை எவருக்கும் விளங்காத அளவுக்குச் சிக்கலானது. ஓசையும் பேஸ் கிட்டார் போல் இல்லை. ஏறத்தாழ பத்தாயிரம் பெட்டிகளுடன் 1984இல் கைவிடப்பட்டது. சிக்காகோவில் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹேர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்களின் கைக்கு அப்படி ஒரு பழைய பெட்டி வந்தது. வாசித்துக் கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகியபோது அது முனகியது, கீச்சிட்டது. 'ஃபியூச்சர்' என்ற பெயரில் 1987இல் அவர்கள் வெளியிட்ட 'அசிட் ட்ரக்ஸ்' இசைத்தட்டிலிருந்து 'அசிட் ஹவுஸ்' என்ற இசைவகையே பிறந்து, அடுத்த ஆண்டே பிரித்தானியாவை ஆட்டிவைத்தது.

808இன் தம்பியான டிஆர்-909உம் 1983இல் வந்து இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. டிட்ரொய்ட்டிலிருந்து சிக்காகோவுக்கு நடன இசை கேட்கச் செல்லும் டெரிக் மே என்ற இளைஞர் தம்மிடமிருந்த 909ஐ, அங்கே இசைத்தட்டுச் சுழற்றுவதில் புகழ்பெற்றிருந்த ஃபிராங்கி நக்கிள்ஸுக்கு விற்றார். டெக்னோ இசையின் முன்னோடிகளுள் ஒருவர் விற்க, ஹவுஸ் இசையின் தந்தை எனப்படுபவர் வாங்கினார். ஒரு பாவித்த பெட்டியின் கைமாற்றத்தில் இரண்டு நகரங்களின் இசை வரலாறு இணைந்தது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் 808, 303, ஜுப்பிட்டர்-8 ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கிவந்து, 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். அது எவராலும் கவனிக்கப்படாமல் மறைந்தது. 2010இல் ஐரோப்பாவில் மறுவெளியீடு கண்டபோதுதான், சிக்காகோவுக்கு ஐந்தாண்டுகள் முன்னரே இப்படியோர் ஓசை பம்பாயில் எழுந்ததா என்று இசை உலகம் வாய்பிளந்தது. முதுமைக் காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 2015இல் காலமானார். அவருடைய பழைய இசைத்தட்டின் மூலப்பிரதியும் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பண்டம்.

விலை ஏறத் தொடங்கியது தொண்ணூறுகளில். ஹவுஸும் டெக்னோவும் ஐரோப்பாவில் காசு பார்க்கத் தொடங்கியதும், அதே ஓசை வேண்டுமென்று எல்லோரும் தேடினர். 1993இல் மார்க் வெயில் எழுதிய 'விண்டேஜ் சிந்தசைசர்ஸ்' நூல் வெளிவந்தது. திராட்சை மதுவுக்கும் பழைய கார்களுக்கும் சொல்லப்பட்ட அடைமொழி, பத்துப் பன்னிரண்டு வயதே ஆன மின்பெட்டிகளுக்கும் வந்துவிட்டது. 1995இல் ஈபே தோன்றியது. என் கருத்தில், தீர்க்கமான திருப்பம் இதுதான். அதுவரை சிக்காகோவின் அடைவுக் கடைக்காரருக்கு அதே பெட்டிக்கு லண்டனில் என்ன விலை என்பது தெரியாது. அவருடைய அறியாமையே அந்த இளைஞர்களின் மூலதனமாக இருந்தது. இணைய ஏலம் அந்த அறியாமையைத் துடைத்துவிட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே விலை. அது பணமுள்ளவர் தரக்கூடிய விலை. 395 டொலருக்கும் விலைபோகாத 303 இன்று 2,000 டொலரைத் தாண்டி விற்கிறது. 808 அதற்கும் மேலே.

இன்று இத்தகைய பொருளை வாங்குபவர் இசைஞானத்தோடு ஓரளவு மின்னியல் ஞானமும் உடையவராக இருக்கவேண்டும். 808, 303 இரண்டும் தாம் நினைவில் வைத்த தாளங்களையும் ஸ்வரங்களையும் காக்கப் பற்றரியை நம்பியவை. பற்றரியை உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து உலோகத் தகடுகளை அரித்துவிடும். எனவே அனுபவசாலிகள் பெட்டியின் முகப்பைப் பார்க்கும் முன் பற்றரி அறையின் படத்தைக் கேட்பார்கள். 1984இல் வந்த ஜூனோ-106இல், ஓசை எழுப்பும் சில்லுகளின் மேல் ஊற்றப்பட்ட பிசின் பூச்சே காலப்போக்கில் அவற்றைக் கெடுத்துவிடுகிறது. திருத்துபவர்கள் அவற்றைக் கழற்றி அசெற்றோனில் ஊறவைத்துப் பிசினை உரிப்பார்கள். யமஹா சிஎஸ்-80இன் எடை ஏறத்தாழ நூறு கிலோ. அதை வாங்குபவர் தூக்குவதற்கு ஆள் பிடிக்கவேண்டும். யப்பானிலிருந்து நேரே வரும் பெட்டிகள் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. யப்பானிய வானொலிப் பெட்டியை நேரே 230 வோல்ட் சுவரில் சொருகிப் புகை கண்ட நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் பெட்டியைத் துளைத்துப் புதிய குமிழ் பொருத்துவதும் உட்சுற்றை மாற்றுவதும் சாதாரணம். மலிவான பொருள் என்பதால் எவருக்கும் கை நடுங்கவில்லை. இன்று பெயர்பெற்ற ஒருசில மாற்றங்களைத் தவிர, துளை விழுந்த பெட்டிக்கு மதிப்புக் குறைவு. அச்சிட்ட பெட்டி, கைந்நூல், கீறல்படாத முகப்பு ஆகியவற்றுடன் யாரோ வாங்கிப் பரணில் போட்டு மறந்த கருவிக்கே உச்ச விலை. இசையே எழுப்பாதிருந்ததற்கான வெகுமதி அது.

மலிவுப் பிரதிகள் வந்தால் நிலைமை மாறும் என்று சிலர் எதிர்பார்த்தனர். ரோலன்ட் 2014இல் பழைய ஓசைகளை இலக்கமுறையில் மீட்டுரைக்கும் டிஆர்-8ஐ வெளியிட்டது. 2019இல் பெரிங்கர் நிறுவனம் 808, 303 இரண்டையும் ஏறத்தாழ அப்படியே ஒத்த பிரதிகளை, பழையவற்றின் விலையில் சிறு பங்குக்குச் சந்தையில் இறக்கியது. பிறர் வடிவமைப்பைப் பிரதி செய்கிறார்கள் என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அடைவுக் கடையில் ஒரு காலத்தில் கிடைத்த வாய்ப்பை இன்றைய ஏழை இளைஞனுக்கு வேறு யார் தந்தார்கள் என்று கேட்டால் கண்டிப்பவர்களிடம் பதில் இல்லை. அசல் பெட்டிகள் இதனால் மலிந்துவிடவும் இல்லை. அவற்றை வாங்குபவர்கள் ஓசைக்காக மட்டும் வாங்குவதில்லை.

ககேஹாஷி 2013இல் ரோலன்ட் நிறுவனத்தை விட்டு விலகி, எண்பது வயது கடந்த பின்னரும் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 2017 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அதே ஆண்டு செப்டெம்பரில், வரி விளம்பர வருமானத்தை இணையத்திடம் இழந்திருந்த 'வில்லேஜ் வொய்ஸ்' தன் வாராந்த அச்சுப் பதிப்பை நிறுத்தியது. இருபது டொலருக்குத் தாளம் வாசிக்க முன்வந்தவரின் வரி அதன் பழைய இதழ்களில் இருக்கிறது. அந்த மனிதரின் 808 இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை.