மில்க்வீட்டும் எருக்கலையும்: வளர்ந்தோருக்கான இயற்கை வகுப்பு

ஊரில் வேலியோரச் செடிக்கும் பெயர் சொன்ன நாங்கள், இங்கே எதைக் கண்டாலும் "மரம்" என்கிறோம். பிள்ளைகள் கேட்டால் பதில் இல்லை.

கனடாவில் வளர்ந்தோருக்கான இயற்கை வகுப்புகள் இக்குறையைத் தீர்க்கின்றன. விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. நான் வர்த்தகம் படித்த கணக்காளன். மண், தாவரம், பறவை, பூச்சி பற்றிய பாடங்களுடன் வெளிக்கள நடையும் உண்டு. கண்டதைத் திகதி, இடத்துடன் குறிக்கவேண்டும். பேரேடு எழுதியவர்களுக்கு அது சுலபம்.

பழகுவதற்கு நல்ல இடம், ஸ்காபரோவின் கிழக்கில் 2015இல் சட்டப்படி நிறுவப்பட்ட ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. முதலில் அறியவேண்டியது பொய்சன் ஐவி: மும்மூன்றாக இலை, தொட்டால் தோல் கொப்பளிக்கும்.

அடுத்தது மில்க்வீட். ஒடித்தால் பால் வடியும், கண்ணில் படக்கூடாது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இதையே தின்று வளரும். கோடை முடிவில் பிறக்கும் மொனார்க்குகள் இங்கிருந்து மெக்சிகோ மலைகள்வரை பறக்கின்றன.

மில்க்வீட்டும் நம் எருக்கலையும் ஒரே தாவரக் குடும்பம். ஊரில் எருக்கலையில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கின் நெருங்கிய உறவு. பிள்ளைகளுக்கு இரண்டு பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.