கழுத்துக்கு எத்தனை மார்க்?

பருத்திப்பட்டில் கழுத்துப் பட்டை போட்ட ஆளைப் பார்க்காத வாரமே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா, என்னைப் போல லேப்டாப் முன்னால் குனிந்தே கிடக்கிற ஐடி ஆள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் மூவருக்கும் ஒரே பதில்தான்: ‘வலிக்குது.’ அந்த ஒற்றைச் சொல்லை எண்ணாக மாற்ற மருத்துவம் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினால் வலியோடு நிற்காது. நடை தள்ளாடும், விரல்கள் சொன்னபடி கேட்காது. 1972-ல் நூரிக் என்ற மருத்துவர் இதற்கு 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் தந்தார். நடையில் லேசான சிரமம், ஆனால் முழுநேர வேலைக்குத் தடையில்லை என்றால் 2. துணையில்லாமல் நடக்கலாம், ஆனால் வேலை பார்க்க முடியாது என்றால் 3.

லாஜிக் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரே அளவு தள்ளாடுகிற இரண்டு ஜோடிக் கால்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். நான் உட்கார்ந்த இடத்தில் கோட் அடித்துவிடுவேன், எனக்கு 2. சாரத்தில் செங்கல் சுமக்கிற அக்காவுக்கு மறுநாளே வேலை போய்விடும், அவருக்கு 3. காலை அளக்கப் போன ஸ்கேல், பிழைப்பையும் சேர்த்து அளந்துவிடுகிறது.

1975-ல் ஜப்பானிய எலும்பு மருத்துவர் சங்கம் வேறு வழியில் போனது. கை, கால், உணர்ச்சி, சிறுநீர் என்று பிரித்து மொத்தம் 17 மார்க். கைக்கான கேள்வி: சாப்ஸ்டிக் பிடித்துச் சாப்பிட முடிகிறதா? 1991-ல் அமெரிக்காவின் பென்செல் குழு சாப்ஸ்டிக்கை எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தானை வைத்தது. மொத்தம் 18 ஆனது. அதே வருடம் கனடாவில் வெர்னனும் மியோரும், முதுகுவலிக்கென இருந்த ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தை ஒட்டி, கழுத்து வலிக்கு 10 கேள்விகள், 50 மார்க் கொண்ட படிவத்தை வெளியிட்டார்கள். தூக்கம், படிப்பு, சுமை தூக்குவது எல்லாம் அதில் உண்டு. கார் ஓட்டுவதும் உண்டு. ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் மேல் பைக்கில் ஏறி இறங்குகிற கழுத்து, அந்தக் கேள்விக்கு எதை டிக் செய்யும்?

நம் ஊர்க் கதை வேலூரில் வருகிறது. சி.எம்.சி. நரம்பியல் அறுவை மருத்துவர்கள் நூரிக் அளவையும் ஜப்பானிய மார்க்கையும் இந்திய நோயாளிகளுக்கு ஏற்பத் திருத்தி, 2015-ல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வெளியிட்டார்கள். சாப்ஸ்டிக்கைத் தொட்டே பார்க்காத கையிடம் சாப்ஸ்டிக்கைக் கேட்டால் என்ன பதில் வரும்? ரசம் சோற்றைப் பிசைந்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதும் விரல்களுக்குக் கடினமான வேலைதானே.

இது வெறும் படிவச் சமாச்சாரம் இல்லை. ஆபரேஷன் பலன் தந்ததா என்பதை இந்த எண்கள் ஏறி இறங்குவதை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். கேள்வி தப்பாக இருந்தால், குணமானதும் கணக்கில் வராது, மோசமானதும் வராது. அதனால் டாக்டர் ‘பத்துக்கு எவ்வளவு வலி?’ என்று கேட்டால், எண்ணோடு சேர்த்து, போன மாதம் செய்துகொண்டிருந்து இப்போது செய்ய முடியாமல் போன ஒரு வேலையையும் சொல்லுங்கள்.